கேதார்காந்தாவுக்கும் ஃபிரண்ட்ஷிப் பீக்குக்கும் ஒரே பூட் போதுங்களா?

கோபி_வாய்க்கால்:

வணக்கமுங்க. ஜனவரி மூணாவது வாரம் கோபியிலிருந்து நாலு பேர் உத்தரகாண்ட்ல இருக்கற கேதார்காந்தா மலைக்கு ட்ரெக் போறோம். அதுக்கடுத்த மே கடைசியில மணாலிப் பக்கம் ஃபிரண்ட்ஷிப் பீக் ஏறலாம்னு ஒரு யோசனை. ரெண்டுக்கும் ஒரே பூட்டா வாங்கிட்டா செலவு ஒண்ணோட போயிருமேன்னு பாக்கறோம். 2013ல செஞ்ச இத்தாலி டபுள் பூட் (வெளி ஓடும், கழட்டற உள்பூட்டும் தனித்தனியா இருக்கறது) ஒண்ணு, பெட்டி பிரிக்காதது, பாதி விலைக்கும் கீழ வருது. எடுக்கலாமுங்களா? கூட வர்ற ஒருத்தர் ஃபவுண்டரியில இருக்காரு. இரும்பு மூக்கு வச்ச சேஃப்டி ஷூவே கேதார்காந்தாவுக்குப் போதும்ங்கறாரு. என் பாதம் 26.5 செ.மீ., முன்பக்கம் அகலம். வருசம் பூரா செருப்புதான், எந்த ஷூ போட்டாலும் சுண்டுவிரலக் கடிக்குது. சாக்ஸ் ஒண்ணு மேல ஒண்ணா எத்தனை போடணும்ங்கறதும் சொல்லுங்க.

நொய்யல்_கரை:

ஒரே பூட் வேண்டாமுங்க. ரெண்டு மலைக்கும் குளிர் வித்தியாசத்தைவிட நடை வித்தியாசம் பெருசு.

கேதார்காந்தா 12,500 அடி. அடிவாரத்து ஊரு சாங்க்ரியிலிருந்து காட்டுப்பாதை, மேல போகப் போக பனிச்சரிவு. ராத்திரி மைனஸ் 10 வரைக்கும், சில நாள் அதுக்குக் கீழேயும் இறங்கும். ஆனா நீங்க நடக்கறது பெரும்பாலும் பகல்ல, பாதம் வளைஞ்சு கொடுக்கற சாதாரண நடை. உச்சிக்கு ஏறுற அன்னிக்கு மட்டும்தான் இருட்டுல கெளம்புவாங்க. ஃபிரண்ட்ஷிப் 5,289 மீட்டர். அங்க விடியக்காலம் கெட்டிப்பட்ட பனியில கிராம்பான் (பூட் அடியில மாட்டற இரும்பு முள்ளுச் சட்டம்) மாட்டி, முன்பாதத்தக் குத்தி ஏற வேண்டிய இடம் வரும். அதுக்கு அடி வளையாத பூட் வேணும்.

மலையேறிகள் பூட்டை பி0, பி1, பி2, பி3ன்னும், கிராம்பானை சி1, சி2, சி3ன்னும் பிரிச்சு வச்சிருக்காங்க. பூட்டோட எண் கிராம்பான் எண்ணுக்குச் சமமாவோ எச்சாவோ இருக்கணும். பி0 சாதாரண ட்ரெக்கிங் பூட், கிராம்பான் கூடவே கூடாது. பி1 அடி கொஞ்சம் விறைப்பு, வார் கட்டுற சி1 மட்டும் தாங்கும். பி2வுக்குக் குதிகால்ல ஒரு வரம்பு இருக்கும், சி2வோட பின்கொக்கி அதுல உட்காரும். பி3க்கு முன்னாடியும் பின்னாடியும் வரம்பு, அடி துளிகூட வளையாது. கடையில பாக்கறது சுலபம்: மூக்கு ஒரு கையில, குதிகால் ஒரு கையில பிடிச்சு மடக்குங்க. சுலபமா மடங்கினா பி0, பலத்துக்குக் கொஞ்சம் அசைஞ்சா பி1.

வளையுற பூட்டுல விறைப்பான கிராம்பானை மாட்டினா என்ன ஆகும்னா, ஒவ்வொரு அடிக்கும் பூட் வளையும், இரும்பு வளையாது. நடுவுல இருக்கற இணைப்புப் பட்டை அசந்து ஒடியும், இல்லைன்னா குதிகால் நழுவிக் கழண்டுக்கும். கழலுறது எப்பவும் சரிவுல பாரம் போடற நேரத்துலதான்.

கேதார்காந்தாவுக்குக் கிராம்பான் தேவையில்லை. ரப்பர் வளையத்துல சங்கிலியும் முள்ளும் கோத்த மைக்ரோஸ்பைக் போதும், அது எந்தப் பூட்டுக்கும் ஏறும். ஆனா அது இல்லாம போகாதீங்க. மிதிபட்டு வழுக்குப் பாறை மாதிரி ஆன பனியில எந்த ரப்பர் அடியும் பிடிக்காது, வைப்ரம்ங்கற பேர் போன கம்பெனி அடியா இருந்தாலும் சரி.

ஆக இப்ப வாங்க வேண்டியது கணுக்கால் மூடற, தண்ணி புகாத படலம் வச்ச பி1, இல்லைன்னா நல்ல பி0. ஃபிரண்ட்ஷிப்புக்கு மணாலியில வாடகைக்கு எடுங்க. பூட்டையும் கிராம்பானையும் ஒரே கடையில எடுத்து, ரெண்டையும் மாட்டி, உதறிப் பாத்துட்டுத்தான் காசைக் கொடுக்கணும். புதுசா டபுள் பூட் வாங்கினா ஐம்பதாயிரத்தைத் தாண்டும். ஜோடி ரெண்டு கிலோ சுமாருக்கு வரும், பழைய பிளாஸ்டிக் ரகம் இன்னும் எச்சு. அதை மாட்டிட்டு கேதார்காந்தா காட்டுல நடந்தா முழங்காலுக்குக் கீழ முன்னெலும்பு மேல தோல் தேஞ்சு புண்ணாகும், மத்தியான வெயில்ல உள்ள வேர்த்து, அந்த ஈரமே ராத்திரி உங்களுக்கு எதிரி.

சேஃப்டி ஷூ விசயம்: இரும்பு மூக்கு அகலப் பாதத்துக்கு இடம் கொடுக்காது. அதோட அடிப்பல்லு எண்ணெய்த் தரைக்குன்னு செஞ்சது. ஆழம் கம்மி, பனி அடைச்சு மொழுமொழுன்னு ஆயிரும். சிலதுல ‘சிஐ’ன்னு குளிர்காப்பு முத்திரை இருக்கும். அது மைனஸ் 17 டிகிரியில அரை மணி நேரம் வச்சு, உள்ள 10 டிகிரிக்கு மேல இறங்குதான்னு பாக்கற சோதனை. நாள் பூரா பனியில நடக்கறதுக்கு அதை அளவுகோலா வச்சுக்க முடியாது.

தோல்_பட்டறை_ஈரோடு:

நொய்யல் சொன்னது சரி. ஆனா எந்த பி எண்ணா இருந்தாலும் அளவு தப்புனா குளிரத்தான் செய்யும். பாதம் ஜில்லிடறதுக்குப் பூட் மெல்லிசா இருக்கறதைவிட இறுக்கம்தான் பெரிய காரணம். விரலை நசுக்கினா ரத்தம் போகாது. ரத்தம் போகலைன்னா எத்தனை பஞ்சு வச்சும் பிரயோசனம் இல்லை.

செருப்புக் காலுக்கு முன்பாதம் விரிஞ்சிருக்கும், குதிகால் ஒப்பிட்டா குறுகல். ஐரோப்பாவுல பூட் செய்யற கால் அச்சு பலதும் முன்னாடி ஒடுங்கினது, அதுலயும் லா ஸ்போர்ட்டிவா கம்பெனி பூட் குறுகல்னு பேர் வாங்கினது. அதனால நீளத்தைக் கூட்டி அகலத்தைச் சரிக்கட்டப் பாக்காதீங்க. ரெண்டு சைஸ் பெருசா எடுத்தா குதிகால் உள்ள தூக்கும், கொப்புளம் வரும். அகல அச்சுன்னு போட்டிருக்கற ரகத்தைக் கேட்டு வாங்குங்க.

பொழுதோட கடைக்குப் போங்க. காலைவிட அப்பத்தான் பாதம் வீங்கி இருக்கும், மலையிலயும் வீங்கும். போடப் போற சாக்ஸையே கொண்டு போங்க. மொதல்ல உள்ளட்டையை வெளிய எடுத்து, சாக்ஸோட அது மேல நில்லுங்க. குதிகாலைப் பின்விளிம்புக்கு ஒட்டி வச்சா நீளமான விரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம், 12லிருந்து 15 மி.மீ., இருக்கணும். பக்கவாட்டுல சுண்டுவிரல் அட்டையைத் தாண்டி வழிஞ்சா அந்தப் பூட் உங்களுக்கு ஆகாது, வேற பாருங்க. அப்புறம் கயிறு கட்டி ஒரு சரிவுலயோ படியிலயோ இறங்கி, மூக்கால தரையை நாலு குத்துக் குத்துங்க. விரல் முன்னாடி இடிச்சா இறக்கத்துல நகம் கறுத்து விழுந்துரும்.

சைஸ் எண்ணை நம்பாதீங்க. ஐரோப்பிய சைஸ் ஒண்ணுக்கு 6.67 மி.மீ., யூகே சைஸ் ஒண்ணுக்கு 8.46 மி.மீ. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு நேரா பொருந்தாது, அதனாலதான் கம்பெனிக்குக் கம்பெனி அட்டவணை மாறுது. பெட்டியில மோண்டோ அளவு இருந்தா அதைப் பாருங்க, அது பாத நீளத்தையே சொல்லும்.

வாடகை டபுள் பூட்டுக்கு வேற முறை. உள்பூட்டை எடுத்துட்டு வெறும் ஓட்டுக்குள்ள காலை விட்டு, விரல் முன்னாடி லேசாத் தொடற மாதிரி நின்னா குதிகாலுக்குப் பின்னாடி ஒன்றரை விரல் போகணும்.

சென்னிமலை_படி:

அந்த 2013 டபுள் பூட்டை வாங்காதீங்க, சும்மா கொடுத்தாலும் வேண்டாம். பெட்டி பிரிக்காததுதான் இன்னும் மோசம்.

ரப்பர் அடிக்கு மேல மெத்தை மாதிரி இருக்கற நடு அடி பல பூட்டுல பாலியூரித்தேன். காத்துல இருக்கற ஈரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமா உடைக்கும், போட்டாலும் போடாட்டியும். சூடும் ஈரமும் சேர்ந்து, காத்தாடாத பெட்டியில கிடந்தா இன்னும் சீக்கிரம். பொதுவா அஞ்சுலிருந்து பத்து வருசத்துக்குள்ள உதிர ஆரம்பிச்சுரும். பாக்கப் புதுசா இருக்கும். மலையில ரெண்டு மணி நேரம் நடந்ததும் அடி பாளம் பாளமா விட்டு, ரப்பர் தனியா வாயைப் பொளக்கும். வாங்கறதுக்கு முன்னாடி நடு அடியில நகத்தால அழுத்திப் பாருங்க: குழி நின்னாலோ, பிசுபிசுத்தாலோ, மயிர்க்கோடு மாதிரி விரிசல் தெரிஞ்சாலோ முடிஞ்சது. சாதாரணப் பசை போட்டு ஒட்டினாலும் நிக்காது, ஒட்டறதுக்கு அடியில உயிர் இல்லையே. சில பூட்டுல நடு அடிக்குப் போடற ஈவிஏ நுரை இப்படி உதிராது, ஆனா நாள்பட அமுங்கித் தட்டையாகும்.

பழைய பிளாஸ்டிக் ஓட்டுப் பூட்டும் அப்படித்தான். வெயில்பட்டு வயசானா கடுங்குளிர்ல பட்டுனு விரியும். வாடகைக் கடையில கணுக்கால் மடிப்பு, கொக்கி அடிச்ச ஓட்டை ரெண்டையும் உத்துப் பாருங்க.

நம்மூர்ல புதுப் பூட்டை வைக்கறதுக்கும் இதே கணக்கு. பாலித்தீன்ல சுத்தி அட்டாலியில போடாதீங்க, ஏப்ரல் மே மாசம் கார் டிக்கியிலயும் விடாதீங்க. நல்லாக் காயவச்சு, உள்ள காகிதம் திணிச்சு, காத்தோட்டமான நிழல்ல வைங்க. மாசம் ஒருக்கா போட்டு நடங்க.

கோபி_வாய்க்கால்:

ரொம்ப நன்றிங்க, பழைய பூட் வேண்டாம்னு சொல்லிட்டேன். சாக்ஸ் பத்தி யாரும் சொல்லலையே? திருப்பூர்ல தடிமனான பருத்தி சாக்ஸ் மலிவாக் கிடைக்குது, ரெண்டு போட்டுக்கலாமுங்களா? பூட்டைப் பழக்கறதுக்கு எங்க நடக்கறது?

பனியன்_கம்பெனி:

பருத்தி நம்ம சோறு, அதனால சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கு: பனியில அது ஆகாது. வேர்வையக் குடிச்சுட்டு விடாது, ஈரமா தோலோட ஒட்டியே இருக்கும். மெரினோ கம்பளி ஈரத்துலயும் ஓரளவு சூடு காக்கும். உள்ள மெல்லிய செயற்கை இழை சாக்ஸ் ஒண்ணு, மேல தடி மெரினோ ஒண்ணு. அதுக்கு மேல மூணாவது போட்டா தோல்_பட்டறை சொன்ன அதே இறுக்கம்தான். நடக்க ரெண்டு ஜோடி, தூங்கறதுக்குன்னு தொடாம ஒரு ஜோடி. பூட்டுல ‘200 கிராம் தின்சுலேட்’னு (குளிர்காப்புப் பஞ்சோட பிராண்டு பேரு) இருந்தா அது ஒரு சதுர மீட்டர் பஞ்சோட எடை, பூட்டுக்குள்ள இருக்கற பஞ்சு எடை இல்லை. உங்க ட்ரெக்குக்கு 200 தாராளம், 400 போனா பகல்ல வேர்க்கும்.

நொய்யல்_கரை:

பழக்கறதுக்கு ஆறு வாரம் வைங்க. மருதமலை, சென்னிமலை படிக்கட்டுல பூட்ஸோட ஏற முடியாது, வெள்ளியங்கிரியும் பூட் பழக்கற எடம் இல்லை. ரேஸ்கோர்ஸ் மாதிரி சமதளத்துல எவ்வளவு சுத்தினாலும் குதிகால் தூக்கறது தெரியாது. ஸ்டேடியம் கேலரிப் படியிலோ, கோத்தகிரிப் பக்கம் தேயிலைச் சரிவுலயோ 8 கிலோ பை போட்டு ஏறி இறங்குங்க. ஜனவரி விடியல்ல ஊட்டி தலைக்குந்தாவுல உறைபனி கிடைக்கும். கயிறும் கையுறையும் சேர்ந்து எப்படி வேலை செய்யுதுன்னு அங்க பாக்கலாம். குளிருக்கு அது பரிட்சை ஆகாது.

கயிறு கட்டறப்ப விரல் பக்கம் தளர்வா விட்டு, பாதம் மடங்குற எடத்துல ரெண்டு சுத்து முடிச்சுப் போட்டு நிறுத்திட்டு, அதுக்கு மேல இறுக்குங்க. இறங்கறப்ப மட்டும் திரும்ப இறுக்கினாப் போதும். பனி உள்ள இறங்காம இருக்க கெய்ட்டர், அதாவது பூட் வாயையும் கெண்டைக்காலையும் மூடற உறை, கட்டாயம். அடி வாரைப் பூட்டோட குழிவுல போடணும், குதிகாலுக்குக் கீழ போட்டா ஒரே நாள்ல தேஞ்சு அறுந்துரும்.

கூடாரத்துல கழட்டுறப்ப கயிறைப் பூரா தளர்த்தி, நாக்கை வெளிய இழுத்து விடுங்க. விடியக்காலம் உறைஞ்சு போன பூட் வாய் திறக்காது. பாலித்தீன் பையில போட்டு தூங்குற பைக்குள்ள கால்மாட்டுல வைங்க. தீ மூட்டத்துக்குப் பக்கத்துல மட்டும் கொண்டு போகாதீங்க, தோல் சுருங்கி ஒட்டு விடும். உடைஞ்சா கட்ட டக்ட் டேப்பும் நாலு கேபிள் டையும் பையில இருக்கட்டும்.

விரல் வலிக்கற வரைக்கும் பயம் இல்லை. வலி நின்னு மரத்து, மெழுகு மாதிரி வெளுத்தாத்தான் ஆபத்து. உடனே கயிறைத் தளர்த்துங்க, கூட வந்த ஆளோட வயித்துல, அக்குள்ல வச்சு சூடாக்குங்க. தேய்க்கக் கூடாது, நெருப்புல காட்டக் கூடாது. நிறம் திரும்பலைன்னா கீழ இறங்கணும். திரும்ப உறைய வாய்ப்பே இல்லாத எடத்துலதான் 37லிருந்து 39 டிகிரி வெந்நீர்ல வைக்கணும். குழுவுல சர்க்கரைக்காரர் யாராவது இருந்தா, அவருக்கு இந்த வலியே தெரியாம போகலாம். டாக்டரைப் பாத்துட்டு வரச் சொல்லுங்க, தினமும் பொழுதோட அவர் பாதத்தை இன்னொருத்தர் கண்ணால பாக்கணும்.

கொங்கு எக்ஸ்பிரஸ்ல போனாலும் பிளைட்ல போனாலும் பூட் கையோடயோ காலோடயோ இருக்கட்டும். வேற பை தொலைஞ்சா டேராடூன்ல வாங்கிக்கலாம், பழகின பூட் அங்க கிடைக்காது.