இட்டேரியில் கம்பிவேலி: தாசில்தாரா, கோர்ட்டா?

காங்கயம்வாசி:
ஊர்ப்பொது இட்டேரிங்க, தோட்டங்களுக்கு நடுவுல போற வண்டித்தடம். ரெண்டு பக்கமும் இருந்த கிளுவை வேலியைப் பிடுங்கிட்டு, ஒருத்தர் கம்பிவேலியைப் பாதித் தடம் வரைக்கும் தள்ளிப் போட்டுட்டார். டிராக்டர் போக முடியலைங்க. மனு குடுத்ததுக்கு 'உரிமையியல் நீதிமன்றத்தை அணுகவும்'னு ஒரு வரிப் பதில். அடுத்து என்னங்க செய்யறது?

நொய்யல்கரை:
முதல்ல தடம் யார் பேர்ல இருக்குதுன்னு பாருங்க. அரசு இ-சேவைத் தளத்துல அந்த சர்வே நம்பருக்கு அ-பதிவேடும் (நிலத்தோட வகையும் பரப்பும் இருக்கற பதிவேடு) புலப்படமும் (அளவு போட்ட வரைபடம்) எடுங்க. தடத்துக்குத் தனி உட்பிரிவு போட்டு, புறம்போக்கு, வண்டிப்பாதைன்னு இருந்தா கோர்ட்டுக்குப் போகச் சொன்னதே தப்புங்க. 1905-ம் வருஷ நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அது தாசில்தார் வேலை. விஏஓ பி-மெமோ (ஆக்கிரமிப்பு அறிக்கை) போடணும், 7-ம் பிரிவுல நோட்டீஸ், விளக்கம் கேட்டப்புறம் 6-ம் பிரிவுல வெளியேற்ற உத்தரவு. மனுவுல உட்பிரிவும் பரப்பும் எழுதாம 'ஆக்கிரமிப்பை அகற்றவும்'னு மட்டும் விட்டா, தட்டிக்கழிக்க நாமளே வழி விட்ட மாதிரி.

அகலத்தையும் கணக்குப் போட்டுக்குங்க. அ-பதிவேட்டுல 0.16.0 ஹெக்டேர்னா 1,600 சதுர மீட்டர். தடம் 400 மீட்டர் நீளம்னா சராசரி அகலம் 4 மீட்டர். பழைய புலப்படத்துல அளவு லிங்க்ஸ்ல, அதாவது சர்வே சங்கிலியோட கண்ணிக் கணக்குல இருக்கும். 20-ன்னு போட்டிருந்தா 20 அடி இல்லைங்க, 13.2 அடிதான். இதைத் தப்பாப் படிச்சு மனுவுல எழுதிட்டா, சர்வேயர் சங்கிலி போட்ட அன்னைக்கே நம்ம பேச்சு எடுபடாமப் போயிரும்.

அமராவதி:
புலப்படத்துல புள்ளிக்கோடு மட்டும் இருந்து தனி உட்பிரிவு இல்லைன்னா, பெரும்பாலும் அது பட்டா நிலத்துக்குள்ள போற தடம். அப்போ கோர்ட்டுதான். கிரயத்துலயும் மூலப்பத்திரத்துலயும் 'மாமூல் வண்டித்தடப் பாத்தியம்'னு வாசகம் இருக்குதான்னு தேடுங்க. வாசகம் இல்லாட்டியும் 20 வருஷம் தடையில்லாமப் புழங்கியிருந்தா 1882 வசதியுரிமைச் சட்டம் 15-ம் பிரிவு கை குடுக்கும். ஆனா அடைச்சது தெரிஞ்சும் ஒரு வருஷம் பேசாம இருந்துட்டா அந்தத் தொடர்ச்சி அறுந்துரும். சமாதானம் பேசறோம்னு நாளை விட்டுராதீங்க.

யுடிஆர்னு நிலப் பதிவேடுகளைப் புதுப்பிச்ச சமயத்துல தடம் பட்டாவோட சேர்ந்துபோன இடங்களும் உண்டு. அதுக்கு முந்தின பழைய செட்டில்மென்ட் (நிலவரித் திட்ட) பதிவேட்டு நகல் வாங்கிப் பாருங்க. அதுல வண்டிப்பாதைன்னு இருந்தா டிஆர்ஓ-கிட்ட (மாவட்ட வருவாய் அலுவலர்) யுடிஆர் திருத்த மனு போடலாம்.

காங்கயம்வாசி:
அ-பதிவேட்டுல வண்டிப்பாதைன்னே இருக்குதுங்க. 0.21.5 ஹெக்டேர். சர்வேயர் வராம இழுத்தா?

நொய்யல்கரை:
அப்போ பலம் உங்க பக்கம். அ-பதிவேடு, புலப்படம் ரெண்டையும் வெச்சு தாசில்தாருக்குப் பதிவுத்தபால்ல மனு. அதே நகலைத் திங்கக்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டத்துலயும் குடுத்து மனு எண் வாங்கிக்குங்க. அப்புறம் தாலுகா ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ. 'ஏன் நடவடிக்கை எடுக்கலை'ன்னு கேக்காதீங்க, அது தகவல்ல வராதுன்னு திருப்பிருவாங்க. விஏஓ அறிக்கை நகல், சர்வேயர் வரைபட நகல், பி-மெமோ நகல்னு ஆவணமாக் கேளுங்க. 30 நாள்ல பதில் வரணும்.

அளக்க வர்றப்ப ரெண்டு பக்கத்துத் தோட்டக்காரரும் இருக்கட்டும். கல் நட்ட கையோட போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. தடம் மீண்டப்புறம் ஓரத்துல மறுபடியும் கிளுவைப் போத்தே (குச்சி) நடுங்க. அந்த வேலியை நம்பித்தான் கௌதாரியும் ஓணானும் இருந்துச்சு.