"இவன் எந்தத் தோட்டத்துப் புள்ள?"

ராப் பாடகர் தெருக்குரல் அறிவை நான் முதலில் கேட்டது 2018 ஜனவரி 6 அன்று, சென்னை கீழ்ப்பாக்கத்தில். பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவுக்கு அதுதான் முதல் மேடை. நான் போனது கானா கேட்க. ராப் என்றால் வேகமாகப் பேசிக் காட்டுகிற வித்தை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அந்த இளைஞர் வேகமாகத்தான் பாடினார், ஆனால் ஒரு சொல்கூடத் தப்பவில்லை. இடஒதுக்கீட்டைப் பற்றிய பாட்டில், நம் வீடுகளில் முணுமுணுத்துவிட்டு விட்டுவிடுகிற வாதத்தை மைக்கில் நேருக்கு நேராக வைத்தார். பின்னால் பறை அடி விழ விழ, கூட்டம் வரிக்கு வரி கத்தியது. அரக்கோணத்துப் பையன் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார்.

அப்புறம் அவரை விடாமல் கேட்க ஆரம்பித்தேன். 2019-இல் இசைத் தயாரிப்பாளர் ஒஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' தொகுப்பு வந்தது. சினிமாவில் பாட்டு எழுதினார், 'வாத்தி ரெய்டு' பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. அதெல்லாம் சரி, எங்கள் வீட்டுக்குள் அவர் வந்தது 2021 மார்ச்சில், பாடகி தீயுடன் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' மூலமாகத்தான்.

நாங்கள் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம். எங்களைச் 'சிலோன்காரங்க' என்பார்கள். இந்தியாவும் இலங்கையும் 1964-இல் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. போகிறீர்களா, இருக்கிறீர்களா என்று கொழுந்து பறித்தவர்களிடம் யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை. எங்கள் அப்பாயி தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு நீலகிரியில் மறுபடியும் தேயிலைக்கே வந்து சேர்ந்தவர். அந்தக் காலத்தைப் பற்றி எங்களிடம் அவர் பேசியதே கிடையாது.

என் தங்கை போனில் அந்தப் பாட்டைப் போட்டாள். ஒப்பாரி மாதிரி வருகிற இடத்தில் அப்பாயி கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "இவன் எந்தத் தோட்டத்துப் புள்ள?"

அறிவுடைய பாட்டி வள்ளியம்மாளும் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துத் திரும்பி வந்தவர்தான் என்று சொன்னேன். "அப்ப நம்ம புள்ளதான்" என்றார். அன்று ராத்திரி பேச ஆரம்பித்தார். விடியற்காலைப் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு, கங்காணியின் ஏச்சு, லயம் என்கிற வரிசை வீட்டில் பத்துக்குப் பத்துக் காம்பரா ஒன்றில் எட்டு பேர், கிளம்பும்போது பக்கத்து லயத்துக்காரியிடம் விட்டுவிட்டு வந்த பசுமாடு. என் அப்பாவுக்கே அதில் பாதி புதுச் செய்தி.

அதனால்தான் அந்த ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இசை இதழின் அட்டைப்படத்தில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருக்க, அறிவு இல்லாதபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வலித்தது. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார், பிறகு அறிவின் படத்துடன் ஒரு இணைய அட்டை வந்தது. தீயின் குரலையும் சந்தோஷ் நாராயணனின் இசையையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ராப்பில் எழுதுகிறவனும் பாடுகிறவனும் ஒரே ஆள். அவன் வாழ்க்கைதான் அங்கே சரக்கு. அவனை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டு யாருடையது?

2024-இல் தன் தொகுப்புக்கே 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயர் வைத்தார். அதை முழுதாகக் கேளுங்கள், ஒரே ஒரு ஹிட்டை வைத்து அவரை எடைபோடாதீர்கள்.

எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. கூடலூரிலோ கோத்தகிரியிலோ, கொழுந்து பறிக்கிற சனங்கள் முன்னால் அவர் ஒருமுறை பாட வேண்டும். யாராவது ஏற்பாடு செய்வதாக இருந்தால் சொல்லுங்கள், மேடை போடுவதிலிருந்து சாப்பாடு வரை எங்கள் ஊர்ப் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள்.