புதுப்பிப்பு: மொட்டைமாடி செயற்கைப் புல் சூடு தணிந்தது, ஒரு மூலை தவிர

கரோல் பாகில் எங்கள் மெஸ் மொட்டைமாடியில் போட்ட செயற்கைப் புல், மே மாத வெயிலில் கால் வைக்க முடியாமல் கொதிக்கிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் தண்ணீர் தெளித்தோம். உடனே குளிர்ந்தது, அரைமணி நேரத்தில் பழைய கதைதான். டெல்லிக் கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் எங்களுக்கு இது கட்டாது. அப்புறம் இழைகளுக்கு நடுவே இருந்த கறுப்பு ரப்பர் துகளை எடுத்துவிட்டு சிலிக்கா மணல் போட்டோம். ரப்பர் நாற்றம் போனது, சூடு கொஞ்சம்தான் குறைந்தது.

உண்மையில் கைகொடுத்தது நிழல்வலை. "மேலே மறைக்காமல் கீழே மாற்றி என்ன பயன்?" என்று கேட்டவருக்கு ஒரு ஃபில்டர் காபி கடன்பட்டிருக்கிறேன். இப்போது உச்சிவெயிலிலும் செருப்பில்லாமல் நடக்கலாம். வலையைக் கழற்றி மாட்டும்படி கட்டுங்கள். இங்கே புழுதிப் புயல் வந்தால் கம்பியோடு தூக்கிவிடும்.

எதிர்பாராத ஒன்று: மேற்கு மூலையில் மட்டும் புல் ஒரு கோடாக உருகிச் சுருண்டிருந்தது. மட்டமான சரக்கு என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். பார்த்தால், எதிர்க் கட்டடத்துக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயில் சாயங்காலம் சரியாக அங்கே குவிகிறது. பிளாஸ்டிக் இழை எப்படித் தாங்கும்? அந்தத் துண்டை வெட்டியெடுத்து, தொட்டிச் செடிகளை வைத்துவிட்டோம்.