சிங்காரா பழைய மின்நிலையத்தைச் சுற்றுலாவுக்குத் திறக்கலாமா?

சூலூரான்:
நீலகிரியில் பைக்காரா ஆற்று நீரில் ஓடும் சிங்காரா மின்நிலையத்தையும், மலைமேல் கிளன்மார்கனிலிருந்து கம்பிவடத்தில் தண்டவாளப் பெட்டியை அங்கே இறக்கும் வின்ச்சையும் மக்கள் பார்க்கத் திறந்துவிட வேண்டும். 1932-ல் அங்கே உற்பத்தி தொடங்கிய பிறகுதான் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. என் தாத்தா விடியுமுன் மாடு பூட்டிக் கவலை ஓட்டிக் கிணற்று நீர் இறைத்தவர். கிணற்றுக்கு மோட்டார் வந்ததும் நீர் இறைக்கும் சாலும் அதை இழுக்கும் வடமும் பரணேறின. இன்றும் அங்கேதான் கிடக்கின்றன. தமிழ்நாட்டின் முதல் நீர்மின் நிலையத்தை அவருடைய பேரப்பிள்ளைகள் பார்க்கக் கூடாதா?

மசினகுடிவாசி:
ஆசை நியாயமானது, இடம்தான் சரியில்லை. சிங்காரா யானை வழித்தடம். அங்கே பாறைக்கடியில் நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் ஆய்வகம் அமைக்கக் கேட்டபோது, யானை, புலிகளைக் காரணம் காட்டி 2009-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்துவிட்டது. ஆய்வகத்துக்கே இடமில்லாத காட்டில் சுற்றுலா வண்டிகளா?

போன கோடையில் குட்டியோடு வந்த ஒரு பெண் யானை, மின்நிலையத்துக்கு மலையிலிருந்து நீர் இறக்கும் குழாயருகே நின்றதைக் கண்டேன். துதிக்கையால் இரும்பைத் தடவியது, நாலடி நகர்ந்தது, மறுபடி தடவியது. பிறகு குட்டியைத் தள்ளிக்கொண்டு வந்த வழியே போய்விட்டது. மின்சாரம் உங்கள் ஊருக்கு வந்தது; குழாய் எங்கள் காட்டிலேயே நின்றுவிட்டது. சிங்காராவில் வெளியேறும் நீரை மரவகண்டி அணையிலிருந்து மாயாறு மின்நிலையத்துக்குக் கொண்டுபோகும் கால்வாயும் யானைக்குத் தடைதான்.

பழைய பணியாளர்:
சூலூர்த் தம்பிக்கு ஒரு திருத்தம். பைக்காராவுக்கு முன்பே காட்டேரி அருவியின் நீரில் மின்சாரம் எடுத்து அரவங்காடு வெடிமருந்து ஆலையை ஓட்டினார்கள். பைக்காராவின் பெருமை வேறு. ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலிருந்து விழும் நீர், குழாய் முனையில் பீய்ச்சி மின்னாக்கியைச் சுழற்றும் பெல்டன் சக்கரத்தின் விளிம்பிலுள்ள கிண்ணங்களில் அறைகிறது. அந்தக் காலத்தில் உலகிலேயே மிக அதிக உயரத்திலிருந்து நீரை இறக்கிய மின்நிலையங்களில் இதுவும் ஒன்று. வின்ச்சில் இறங்கினால் காது அடைக்கும்; மேலே போட்ட ஸ்வெட்டரைக் கீழே கழற்றியாக வேண்டும். அது வேலையாட்களும் தளவாடமும் போக அமைத்தது, வேடிக்கைக்கு அல்ல. தேய்ந்து கழற்றிய சக்கரம் ஒன்றை ஊட்டியில் வைத்தால் போதும்.

சூலூரான்:
திருத்தத்தை ஏற்கிறேன் ஐயா. ஆனால் ஊட்டியில் வைத்த சக்கரத்தில் தண்ணீர் அறையும் சத்தம் கேட்காதே! நாளுக்கு 50 பேர் போதும். காட்டுச் சாலையே வேண்டாம், வின்ச்சிலேயே இறங்கி வின்ச்சிலேயே ஏறட்டும்.

மசினகுடிவாசி:
அந்த வின்ச் இறங்கி நிற்கும் இடமே வழித்தடம்தான். மாலை நாலு மணிக்கு மேல் நாங்களே அந்தப் பக்கம் போவதில்லை.