கெர்ரி கூட்ஸி: சன் சிட்டியில் அந்த எட்டாவது ரவுண்டு எவ்வளவு நேரம் ஓடியது?

குமரன்:
வணக்கம். 1984 டிசம்பர் 1-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில், அந்நாட்டுக் குத்துச்சண்டை வீரர் கெர்ரி கூட்ஸி, கிரெக் பேஜிடம் ஹெவிவெயிட் உலகப் பட்டத்தை இழந்த சண்டையை நேற்று பார்த்தேன். எட்டாவது ரவுண்டு முடிகிற மாதிரியே தெரியவில்லை. சந்தேகப்பட்டு, ரவுண்டின் தொடக்கத்துக்குப் போய் போனில் ஸ்டாப்வாட்சை ஓட விட்டேன். ஒரு ரவுண்டு மூன்று நிமிடம்தான். அது தாண்டிவிட்டது, பெல் அடிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கூட்ஸி விழுகிறார். எண்ணி முடித்து நாக் அவுட் கொடுத்துவிட்டார்கள்.

இது எப்படிச் செல்லுபடியானது? இன்னொன்று. கூட்ஸியின் மொத்தக் கணக்கு 33 வெற்றி, 6 தோல்வி, 1 டிரா. இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, 'ஒரே ஒரு ராத்திரி அதிர்ஷ்டம் அடித்த ஆள்' என்கிறான் என் நண்பன். எனக்கு மனசு ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அருள்மொழி:
அதிர்ஷ்டமா? முகமது அலியைத் தோற்கடித்த லியோன் ஸ்பிங்க்ஸை 1979-இல் மான்டே கார்லோவில் முதல் ரவுண்டிலேயே மூன்று முறை விழவைத்தவர் கூட்ஸி. அதே வருடம் அக்டோபரில், அலி விட்டுப்போன டபிள்யூபிஏ (உலகக் குத்துச்சண்டைச் சங்கம்) பட்டத்துக்காக பிரிட்டோரியாவின் லாஃப்டஸ் வெர்ஸ்ஃபெல்ட் மைதானத்தில் ஜான் டேட்டோடு 15 ரவுண்டு நின்றார். அது ரக்பி மைதானம். எண்பதாயிரம் பேருக்கு மேல் கூட்டம். இனவாரியாக உட்கார வைக்கும் விதியை அன்றைக்குத் தளர்த்தியிருந்தார்கள். புள்ளிகளில் தோற்றார். அடுத்த வருடம் சன் சிட்டியில் மைக் வீவர் அவரை 13-ஆவது ரவுண்டில் வீழ்த்தினார். இரண்டு முறை பட்டத்தின் வாசல் வரை போய்த் திரும்பியும் விடாமல் மூன்றாவது முறை வந்தவரை அதிர்ஷ்டக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பொன்னுசாமி:
தம்பி குமரன், நீங்கள் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. நான் பன்னிரண்டு வருடம் அமெச்சூர் போட்டிகளில் நேரம் பார்த்தவன். அதனால் அந்த ரவுண்டை என்னால் வேறு யாரையும் போலப் பார்க்க முடியாது.

நேரம் பார்ப்பவர் வேலை சுலபம் என்று நினைப்பார்கள். ஒரு கையில் வாட்ச், இன்னொரு கை பெல் கயிற்றில். பத்து நொடி இருக்கும்போது மேசையைக் கட்டையால் தட்ட வேண்டும். ரிங்கில் ஒருவன் தடுமாற ஆரம்பித்தால் கண் தானாக மேலே போய்விடும். எனக்கே ஒரு முறை ஆகியிருக்கிறது. நீலக் கார்னர் பையன் கயிற்றில் சாய்ந்து அடி வாங்கிக்கொண்டிருந்தான். நான் குனிந்து பார்த்தபோது ஒன்பது நொடி தாண்டியிருந்தது. அந்த ஒன்பது நொடியில் அவனுக்கு உதடு கிழிந்தது. போட்டி முடிந்ததும் அவன் அப்பாவிடம் போய் என் தப்பு என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஆறு மாதம் நான் மேசையில் உட்காரவில்லை.

சன் சிட்டியில் போனது அரை நிமிடத்துக்கும் மேல். பேஜ் மாதிரி ஒரு ஹெவிவெயிட்டுக்கு அந்த நேரம் தாராளம். கூட்ஸி தரப்பு முறையிட்டது, முடிவு மாறவில்லை. அதுவும் சொந்த மண்ணில், அவருக்காகவே வந்த கூட்டத்தின் முன்னால். வெளியூர்ச் சதி என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

சரி, பெல் நேரத்துக்கு அடித்திருந்தால் ஜெயித்திருப்பாரா? நேர்மையாகச் சொல்கிறேன், கஷ்டம்தான். அன்றைக்கு பேஜ் கை ஓங்கியிருந்தது. ஆனால் ஒரு நிமிட ஓய்வில் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஒரு நிமிடம் அவருக்குச் சேர வேண்டியது. கொடுக்கவில்லை.

என் கணக்கில் பட்டம் அதற்கு முன்பே கையை விட்டு நழுவ ஆரம்பித்துவிட்டது. 1983 செப்டம்பர் 23, ஒஹாயோவில் ரிச்ஃபீல்ட் கொலிசியம். பத்தாவது ரவுண்டில் மைக்கேல் டோக்ஸை நாக் அவுட் செய்து, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முதல் ஹெவிவெயிட் உலக சாம்பியன் ஆனார். அப்புறம்? பதினான்கு மாதம் ஒரு சண்டைகூட இல்லை. அப்போதைய இன்னொரு ஹெவிவெயிட் சாம்பியன் லாரி ஹோம்ஸோடு பேசி வைத்த பெரிய சண்டை பணம் சேராமல் கலைந்தது. எதிரே வந்த பேஜ் 1984-இல் இரண்டு சண்டை தோற்றுவிட்டு வந்தவர். ஆனாலும் ரிங்கிலேயே இருந்தவர். சும்மா இருந்தவனுக்கு தூரம் பிடிபடாது, குத்து ஒரு கணம் பிந்தும்.

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த வலது கையில் எத்தனையோ அறுவை சிகிச்சை. அதனால்தான் 'பயோனிக்' கை, அதாவது இயந்திரக் கை என்று பெயர். பையன்களுக்குக் கையில் பேண்டேஜ் சுற்றிவிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: விரல்முட்டி ஒரு தடவை உடைந்த பையன், ஆறின பிறகும் முழு பலத்தில் அடிக்கப் பயப்படுவான். தோளிலிருந்து வந்த குத்தை மணிக்கட்டில் நிறுத்திவிடுவான். கூட்ஸி அத்தனை தடவை கத்தி பட்ட கையை நிறுத்தாமல் வீசினார். எனக்கு அவர் மேல் உள்ள மரியாதை அங்கிருந்துதான் வருகிறது.

அருள்மொழி:
ஐயா சொன்னதோடு ஒன்று. தென்னாப்பிரிக்காவின் பாக்ஸ்பர்க்கில் பிறந்த ஆஃப்ரிகானர் (டச்சு வழி வந்த வெள்ளையர்) கூட்ஸி. நிறவெறி ஆட்சி உச்சத்தில் இருந்தபோதே, கறுப்பர், வெள்ளையர் எல்லோரும் தன்னைத் தங்கள் வீரனாக ஏற்றுக்கொண்டால்தான் சந்தோஷம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த நாட்டில் அப்போது அது சின்ன வார்த்தை இல்லை.

குமரன்:
பொன்னுசாமி ஐயா, நன்றி. அந்தப் பையனைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு எட்டாவது ரவுண்டை மறுபடி பார்த்தேன். மூன்று நிமிடம் ஆன இடத்தில் நிறுத்தினேன். கூட்ஸி அப்போது நின்றுகொண்டிருக்கிறார். பேஜுக்குப் பிறகு அவர் என்ன ஆனார்?

பொன்னுசாமி:
1986 மார்ச்சில் லண்டன் வெம்பிளியில் ஃபிராங்க் புரூனோ முதல் ரவுண்டிலேயே வீழ்த்தினார். அதோடு ஒதுங்கினார். தொண்ணூறுகளில் திரும்பி வந்து சில சண்டைகள். கடைசியாக 1997-இல் ஐரன் பார்க்லியிடம் தோல்வி. 2023 ஜனவரியில் புற்றுநோயில் இறந்தார், வயது 67.

இன்று ராத்திரி நேரம் இருந்தால் டோக்ஸ் சண்டையை வையுங்கள் தம்பி. பத்தாவது ரவுண்டின் கடைசியில் முகத்தைப் பார்க்காதீர்கள், வலது கையை மட்டும் பாருங்கள்.