ஈட்டி மேல்பலகை, கருங்காலியில் சிப்பிக் கொடி: எதை முதலில் செய்வது?

ஆறுதந்தி:

வணக்கம். எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று கட்டச் சென்னையில் மரம் எடுத்தாகிவிட்டது. உடலுக்கு 38 மி.மீ. பலா. அதன் மேல், ஒரே பலகையைப் பிளந்து விரித்து ஒட்டிய 6 மி.மீ. ஈட்டி (ரோஸ்வுட் மரம்). இரண்டுக்கும் நடுவில், பக்கவாட்டில் கோடாகத் தெரிய 1 மி.மீ. மேப்பிள். கழுத்து மேப்பிள்–படாக் (சிவப்பு மரம்)–மேப்பிள், போல்ட் போட்டு மாட்டுவது. ஃப்ரெட்போர்டு (கழுத்தின் மேல், விரல் வைத்து வாசிக்கும் பலகை) 6 மி.மீ. கருங்காலி, 12 அங்குல வளைவு, ஸ்கேல் (அதிரும் தந்தியின் நீளம்) 25.5 அங்குலம். இரண்டு ஹம்பக்கர் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்), ஆடாத பிரிட்ஜ் (உடலில் தந்திகளைத் தாங்குவது).

1ஆம் ஃப்ரெட்டிலிருந்து (போர்டின் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) 12 வரை முத்துச்சிப்பியில் ஒரு கொடி ஓட வேண்டும். சில இலைகள் போர்டின் ஓரம் வரை வரும். சிப்பி 1.3 மி.மீ. தடிமன்.

போர்டைத் தட்டையாக வைத்தே சிப்பியைப் பதித்துவிட்டுப் பிறகு வளைவு இழைப்பதா, வளைவு முடித்துப் பதிப்பதா? படாக்கின் சிவப்பு மேப்பிளில் இறங்கும் என்கிறார்களே, எப்படித் தடுப்பது? ஈட்டியின் மேல் பி.யூ. (பாலியூரித்தேன் பூச்சு) அடிக்கலாமா? மீட்டரில் பலா 14 சதவீத ஈரம் காட்டுகிறது, இப்போதே ஆரம்பிக்கலாமா?

உளிச்சத்தம்:

சிப்பி விஷயத்தை மட்டும் சொல்கிறேன். உங்கள் கொடிக்கு வளைவு முதலில், பதிப்பு பிறகு. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 12 அங்குலம் என்றால் 305 மி.மீ. ஆரம். 12ஆம் ஃப்ரெட் பக்கம் போர்டு சுமார் 52 மி.மீ. அகலம் இருக்கும். நடுவிலிருந்து 26 மி.மீ. தள்ளி, ஓரத்தில், வளைவு 1.1 மி.மீ. கீழே இறங்கிவிடும். தட்டையாக இருக்கும்போது 1.3 மி.மீ. சிப்பியைப் பதித்தால் ஓரத்து இலையில் மிஞ்சுவது 0.2 மி.மீ. உப்புத்தாள் இரண்டு இழுப்பு கூடினால் இலை காணாமல் போய் அடியிலிருக்கும் எப்பாக்சி தெரியும். வளைவுக்குப் பிறகு பதித்தால் 10 மி.மீ. அகல இலைக்கு வளைவால் வரும் வித்தியாசம் 0.04 மி.மீ.தான்.

ஃப்ரெட் வெட்டுகளை மட்டும், போர்டு சதுரமாகவும் தட்டையாகவும் இருக்கும்போதே போட்டுவிடுங்கள். நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் கட்டை) 1ஆம் ஃப்ரெட் 36.35 மி.மீ., 2ஆவது 70.66, 12ஆவது 323.85. எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளக்கவும். ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் அளந்து போனால் பிழை கூடிக்கொண்டே போகும். வெட்டின் அகலம் 0.58 மி.மீ. வளைவு இழைத்தபின் ஓரங்களில் ஆழம் ஒரு மி.மீ. குறையும் என்பதால், அதே ரம்பத்தில் தடுப்புக் கட்டை கட்டி மறுபடி ஆழப்படுத்த வேண்டும். 6 மி.மீ. போர்டில் 3.5-க்கு மேல் போகாதீர்கள்.

கொடித்தண்டு ஃப்ரெட்டைத் தாண்டும் இடத்தில் சிப்பியை ஒரே துண்டாக வைத்துவிட்டு அதன் மேல் ரம்பம் போட்டால், பல்லும் மழுங்கும், சிப்பியும் சில்லு சில்லாகத் தெறிக்கும். தண்டை ஃப்ரெட் கோட்டிலேயே இரண்டாக வெட்டிவிடுங்கள். மீடியம் ஜம்போ ஃப்ரெட்டின் தலை சுமார் 2.7 மி.மீ. அகலம். நடுவில் இருக்கும் இடைவெளியை அது மூடிவிடும், யாருக்கும் தெரியாது.

வெட்டுவதற்கு நகைப் பட்டறை ரம்பம், 2/0 இழை. படத்தாளை சூப்பர் குளூவில் சிப்பி மேல் ஒட்டி, மேசை விளிம்பிலிருந்து நீட்டிய, 'வி' வெட்டு போட்ட பலகையில் வைத்து அறுக்கவும். ரம்பம் நேராக மேலும் கீழும்தான் போக வேண்டும், திருப்ப வேண்டியது சிப்பியை. சிப்பித்தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டு, அவ்வப்போது ஈரப்படுத்திக்கொண்டு அறுக்கவும்.

வெட்டிய இலையை ஒரு சொட்டுப் பசையில் தற்காலிகமாக ஒட்டி, ஊசியால் சுற்றிக் கீறி, எடுத்துவிட்டு, கீறலில் சாக்பீஸ் பொடியைத் தேய்த்தால் கருங்காலியில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும். சுழன்று குடையும் கருவியில் 1.6 மி.மீ. பிட் மாட்டி உட்பகுதியைக் குடைந்து, முனைகளுக்கு மட்டும் 0.8 மி.மீ. பிட். ஆழம் 1.2. சிப்பி ஒரு மயிரிழை மேலே நிற்க வேண்டும். 24 மணி நேர எப்பாக்சியில் கருங்காலித் தூளைத் துணியில் சலித்து, இட்லி மாவுப் பதத்துக்குக் கலந்து ஒட்டுங்கள். 5 நிமிட எப்பாக்சி வேண்டாம், இழைக்கும்போது சூட்டில் இளகும்.

முதலில் அது கருங்காலிதானா என்று பாருங்கள். வெள்ளைத் துணியில் அசிட்டோன் தொட்டுத் தேய்த்து, துணி மை மாதிரிக் கறுத்தால் சாயம் ஏற்றிய மரமாக இருக்கலாம்.

மரத்தூள்:

14 சதவீதத்தில் தொடங்க வேண்டாம். கிட்டார் எந்த அறையில் இருக்கப் போகிறதோ அந்த அறையில் மரத்தைக் கட்டைகள் வைத்து அடுக்குங்கள். ஏ.சி. போட்டு 50 சதவீதக் காற்று ஈரத்தில் இருக்கும் அறை என்றால் மரம் 9 பக்கம் வந்து நிற்கும். மீட்டரை விடத் தராசு நம்பகமானது. வாரம் ஒருமுறை எடை போடுங்கள். மூன்று வாரம் எடை மாறாமல் இருந்தால் எடுக்கலாம். பலாவும் ஈட்டியும் வேறு வேறு ஈரத்தில் இருக்கும்போது ஒட்டினால், உடல் சில மாதத்தில் கிண்ணமாக வளையும்.

எடை: கிட்டார் உடலின் பரப்பு சுமார் 0.084 சதுர மீட்டர். 6 மி.மீ. ஈட்டி 400 கிராம் சொச்சம், 38 மி.மீ. பலா 1.9 கிலோ பக்கம். தோள் வலிக்கும் என்று நினைத்தால் பலாவில் இரண்டு பக்கமும் 120 சதுர செ.மீ. அளவில் 28 மி.மீ. ஆழத்துக்கு அறை குடையுங்கள், 400 கிராம் போகும். பிரிட்ஜுக்கு அடியில் நடுக்கட்டையைத் தொடாதீர்கள், சுற்றுச்சுவர் 15 மி.மீ. இருக்கட்டும். முழுக்க ஈட்டியிலேயே உடல் செய்தால் அது மட்டுமே 3 கிலோ ஆகும். 1969 ஜனவரி 30 அன்று மொட்டைமாடியில் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் வாசித்த ஃபெண்டர் ஈட்டி டெலிகாஸ்டர் பார்க்க அழகுதான். பிறகு அந்த மாடலை உள்ளே குடைந்து விற்க வேண்டி வந்ததற்கும் எடைதான் காரணம்.

படாக்கின் நிறம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, ஸ்பிரிட்டிலும் அசிட்டோனிலும் நன்றாகக் கரையும். ஆகவே கழுத்தைத் தின்னர் துணியால் துடைக்கவே கூடாது. கடைசி இழைப்பு உப்புத்தாளில் அல்ல, எஃகுச் சுரண்டியில், நார் போகும் திசையில். தாள் போட்டால் சிவப்புத் தூள் மேப்பிளின் துளைகளில் போய் உட்காரும். பிறகு காற்றடித்து ஊதிவிட்டு, தண்ணீர் வகை சீலரை மெல்லியதாக இரண்டு முறை ஸ்பிரே. துணியால் பூசாதீர்கள்.

ஈட்டி மேல் நேராக பி.யூ. அடித்தால் அதன் எண்ணெய் பூச்சை இறுகவிடாமல் பிசுபிசுப்பாகவே வைத்திருக்கும். நடுவில் மெழுகு நீக்கிய அரக்கு இரண்டு கோட் வேண்டும். சாதாரண அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்து, மெழுகு அடியில் படியும்வரை அசைக்காமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து எடுங்கள். மெழுகோடு அடித்தால் பி.யூ. பின்னால் உரியும். ஆனால் ஈட்டியும் ஸ்பிரிட்டில் ஊதாவாகக் கசியும், உங்கள் மேப்பிள் கோடு பக்கத்திலேயே இருக்கிறது. எனவே அரக்கும் ஸ்பிரேதான், பனி விழுகிற மாதிரி.

இன்னொன்று, வண்ணங்களை இன்றைய அளவில் நம்பித் திட்டம் போடாதீர்கள். பலாவின் மஞ்சளும் படாக்கின் சிவப்பும் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாகும். பூச்சு அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது.

ஈட்டி வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரிலிருந்து சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) விதிவிலக்கு உண்டு. வெறும் பலகையாக வெளிநாடு கொண்டுபோனால் அது பொருந்தாது.

பட்டறைக்காரன்:

உளிச்சத்தம் சொன்ன கணக்கு சரி, ஆனால் எல்லா இலைக்கும் அது வேண்டியதில்லை. நடுக்கோட்டிலிருந்து 12 மி.மீ.க்குள் இருக்கும் துண்டுகளுக்கு இறக்கம் 0.24 மி.மீ.தான். அவற்றைத் தட்டையிலேயே பதித்துவிட்டால் குடையும் கருவியின் அடித்தட்டு ஆடாமல் உட்காரும், குழியின் விளிம்பு சுத்தமாக வரும். ஓரத்து இலைகளை மட்டும் வளைவுக்குப் பிறகு வைக்கலாம்.

போர்டைக் கழுத்தில் ஒட்டும்போது தண்ணீர் கலந்த பசை வேண்டாம். ஒட்டும் முகம் ஈரத்தில் ஊதி, கழுத்து பின்னோக்கி வளையும், ட்ரஸ் ராடின் (கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் எஃகுக் கம்பி) பாதி வேலை அதை நிமிர்த்துவதிலேயே போய்விடும். மெதுவாக இறுகும் எப்பாக்சி, ஒட்டுவதற்குச் சற்று முன் கருங்காலியில் ஒரு முறை அசிட்டோன் துடைப்பு, நேரான அலுமினியக் குழாய் வைத்து கிளாம்ப்.

ஆறுதந்தி:

நன்றி. நடு இலைகள் தட்டையில், ஓர இலைகள் பிறகு என்று வைத்துக்கொள்கிறேன். வெட்டுகள் ஏற்கெனவே போட்டிருக்கும்போது எப்பாக்சி அவற்றுக்குள் போகாதா?

உளிச்சத்தம்:

கட்டாயம் போகும், அதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. இறுகிய பிறகு பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். ஃப்ரெட்டைத் தட்டும்போதுதான் ஒரு முனை உட்காராமல் துள்ளும், இன்னும் ஓங்கி அடித்தால் கருங்காலி விளிம்பில் பெயரும். பதிப்பதற்கு முன் 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் மெழுகு தேய்த்து ஒவ்வொரு வெட்டிலும் சொருகுங்கள். எப்பாக்சி ரப்பர் பதத்தில் இருக்கும்போது உருவிவிடுங்கள். முழுதாக இறுகிவிட்டால் தகடு வராது.