லேப் டைமும் வண்டிக்குள்ள கேமராவும் – வீட்டு குரூப்

நான், 7:42
ரேஸ் ட்ராக்ல ட்ரான்ஸ்பாண்டர் (வண்டியில மாட்டி லேப் நேரம் எடுக்கற கருவி) ஷீட்ல 1:52.41, ஜிபிஎஸ் வச்சு நேரம் பதியற என் லாகர்ல 1:52.58. அடுத்த லேப் ஷீட்ல 1:51.90, லாகர்ல 1:51.76. ஒரு தடவ கூட, ஒரு தடவ கம்மி. வீடியோ மேல போட்ட ஸ்பீடு மீட்டர் ஆரம்பத்துல சரியா ஓடுது, 20 நிமிஷ செஷன் முடியறப்ப ஒரு செகண்டுக்கு மேல தள்ளிப் போயிடுது. ஏன் இப்படி?

சித்தப்பா, 7:45
ஜிபிஎஸ் எத்தன ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு எத்தன புள்ளி? லேப் எண்ணற கோடு ஆப்ல எங்க போட்டிருக்க?

நான், 7:46
ஃபோன்ல இருக்கற ஜிபிஎஸ்தான் சித்தப்பா. கோடு கடைசி ஹேர்பின் (யூ-டர்ன் மாதிரி வளைவு) தாண்டி வெளிய வர்ற இடத்துல.

சித்தப்பா, 7:53
ரெண்டுமே தப்புடா. ஃபோன் பெரும்பாலும் செகண்டுக்கு ஒரு புள்ளிதான் தரும். 180 கி.மீ. வேகத்துல செகண்டுக்கு 50 மீட்டர் ஓடுற. கோட்டுக்கு முன்னாடி ஒரு புள்ளி, தாண்டி ஒரு புள்ளி, நடுவுல வேகம் மாறலைன்னு வச்சுத்தான் பல ஆப் கடந்த நேரத்தைக் கணக்குப் போடும். ஹேர்பின் விட்டு வெளிய வர்றப்ப நீ முழு ஆக்சிலரேட்டர்ல இருக்க, வேகம் மாறிட்டே இருக்கு. கணக்கு அங்கயே பிசகுது.

இதைவிடப் பெருசு ஒண்ணு இருக்கு. இடத்துல 1 மீட்டர் பிழை இருந்தா 54 கி.மீ. வேகத்துல அது 0.067 செகண்ட். அதே 1 மீட்டர் 180-ல வெறும் 0.02. அதனால மெயின் ஸ்ட்ரெய்ட் (ட்ராக்கோட பெரிய நேர்பாதை) நடுவுல, வேகமும் அதிகமா, சீராவும் இருக்கற இடத்துல கோட்டைப் போடு. பிரேக் புள்ளிக்கு நல்லா முன்னாடி. ஷீட்ல இருக்கற கோடும் உன் கோடும் ஒரே இடமா இருக்கணும்னு அவசியம் இல்ல, ஆனா வேற இடம்னா லேப் டைம் ஷீட்டோட கொஞ்சம் மாறும். உன் லேப்பை உன் லேப்போட ஒப்பிட அது போதும்.

நான், 7:55
தனியா வாங்குற ஜிபிஎஸ் ரிசீவர் 10 ஹெர்ட்ஸா 25 ஹெர்ட்ஸா?

சித்தப்பா, 7:58
10 போதும். 180-ல புள்ளிக்குப் புள்ளி 5 மீட்டர், ஸ்ட்ரெய்ட்ல நல்லா வரும். 25-ல 2 மீட்டர், கார்னருக்குள்ள வண்டி போன பாதையைப் பார்க்க அது உதவும். ஆனா ஆன்டெனா சரியில்லன்னா 25 ஹெர்ட்ஸும் வீண். தப்பான புள்ளியை வேகமா கொடுக்கும், அவ்வளவுதான். லேப் டைமோட கடைசி தசம இடத்தை வச்சு வண்டி செட்டப்பை மாத்தாத. 0.05-க்கு உள்ள இருந்தா ரெண்டு லேப்பும் ஒண்ணுன்னு வச்சுக்கோ.

அத்தான், 8:04
மாமா சொன்னது சரி. ஆன்டெனா கூரை மேல, நடுவுல, வானம் தெரியற மாதிரி. காந்த ஆன்டெனாவுக்கு இரும்புக் கூரையே அடித்தளம். ஃபைபர்கிளாஸ் கூரைன்னா அடியில 10 செ.மீ. சதுர உலோகத் தகடு வச்சிடு. கார்பன் ஃபைபர் கூரைக்கு அடியில வைக்காத, அது சிக்னலை மறைச்சிடும். மெட்டல் பூச்சு போட்ட விண்ட்ஷீல்டும் அப்படித்தான்.

இன்னொண்ணு, கேமராவுக்குப் பக்கத்துல வைக்காத. 4கே ரெக்கார்டிங் ஓடுற கேமராவும், மட்டமான யூஎஸ்பி சார்ஜரும் ரேடியோ இரைச்சல் கிளப்பும். ஜிபிஎஸ் சிக்னல் 1575.42 மெகாஹெர்ட்ஸ், இங்க வந்து சேரறப்ப ரொம்ப பலவீனமா இருக்கும். வண்டி நிக்கறப்ப ஆப்ல சாட்டிலைட் சிக்னல் எண்ணைப் பாரு. பல சாட்டிலைட்டுக்கு அந்த எண் 40-க்கு மேல இருந்தா நல்லது. கேமராவை ஆன் பண்ணதும் எண் சட்டுனு இறங்கினா ரெண்டையும் பிரிச்சு வை.

நான், 8:06
ட்ராக்குக்குள்ள போறதுக்கு எவ்வளவு முன்னாடி ஆன் பண்ணணும்?

அத்தான், 8:08
10 நிமிஷம் முன்னாடி, திறந்த வெளியில. கேரேஜ் ஷெட்டுக்குள்ள ஆன் பண்ணிட்டு நேரா கிளம்பினா முதல் லேப் கோணலா வரும். வேற ஊர் ட்ராக்குக்குப் போனா இன்னும் நேரம் கொடு, சாட்டிலைட்டிலேர்ந்து புது டேட்டா இறங்கணும்.

அக்கா, 8:15
வீடியோ பக்கம் நான் சொல்றேன் தம்பி. ஒரு செகண்டுக்கு மேல தள்ளிப் போறது ஜிபிஎஸ் தப்பில்ல. கேமரா செகண்டுக்கு 30 ஃப்ரேம்னு காட்டும், ஆனா எடுக்கறது 29.97. மேல டேட்டா ஒட்டற சாஃப்ட்வேர் 30-ன்னு எடுத்துக்கிட்டா ஆயிரத்துல ஒரு பங்கு வித்தியாசம். 20 நிமிஷம்னா 1200 செகண்ட், அதுல 1.2 செகண்ட். உன் கணக்கு அப்படியே இருக்கா?

நான், 8:16
அச்சு அசலா அதேதான் அக்கா.

அக்கா, 8:24
அப்ப ப்ராஜெக்ட் செட்டிங்ல 29.97-ன்னு கொடு. அப்புறம் வீடியோவையும் டேட்டாவையும் ஒரு இடத்துல மட்டும் ஒத்து வைக்காத, ரெண்டு இடத்துல வை. முதல் லேப்லயும் கடைசி லேப்லயும் அதே பெரிய பிரேக்கிங். வண்டி நகர ஆரம்பிக்கற இடம் வேணாம், மெதுவா போறப்ப ஜிபிஎஸ் வேகம் அலைபாயும். ஸ்ட்ரெய்ட் முடிவுல எஞ்சின் சத்தம் சடார்னு இறங்கற ஃப்ரேமைப் பிடி, ஸ்பீடு கிராஃப் மடங்கற புள்ளியோட சேத்து வை. ரெண்டாவது இடத்துலயும் ஒட்டிச்சுன்னா நடுவுல எல்லாம் சரியா இருக்கும்.

பல கேமரா பெரிய ரெக்கார்டிங்கைத் துண்டு துண்டா சேமிக்கும். வரிசை மாறாம சேத்துட்டுத்தான் ஒத்து வைக்கணும். ஸ்டெபிலைசேஷனை ஆஃப் பண்ணிடு. அது ரோட்டை நிறுத்தப் பார்த்து டேஷ்போர்டை ஆட வைக்கும், ஸ்டீயரிங்ல உன் கை என்ன பண்ணுதுன்னே தெரியாது. மெமரி கார்டு வி30 (வீடியோவுக்கு ஏத்த வேகம்) ரகமா இருக்கட்டும், கேமராவுலயே ஃபார்மட் பண்ணு.

சித்தப்பா, 8:29
கோட்டோட நீளம் மறந்துட்டேன். ட்ராக் அகலத்தை முழுசா மூடணும், பிட் லேனையும் (வண்டியைச் சரிபார்க்க ஒதுங்கற பாதை) பக்கத்து ட்ராக்கையும் தொடக்கூடாது. தொட்டா பிட்டுக்குள்ள வந்ததும் ஒரு லேப்னு எண்ணிடும். டெல்டாவுக்கு (ஓடறப்பவே காட்டற நேர வித்தியாசம்) ஒப்பிட வச்சிருக்கற ரெஃபரன்ஸ் லேப்பே தப்பாயிடும், அன்னிக்கு முழுக்க ஸ்க்ரீன் பொய் சொல்லும். கோடு வண்டி போற திசைக்கு நேர் குறுக்கே இருக்கட்டும்.

அத்தான், 8:35
பவரைப் பத்தியும் கேளு. ஸ்டார்ட்டர் சுத்தறப்ப வோல்டேஜ் சரியும், லாகர் ரீஸ்டார்ட் ஆகி பாதி ஃபைல் கெட்டுப் போகும். எஞ்சின் ஓட ஆரம்பிச்சப்புறம் ரெக்கார்டிங் ஆரம்பி. பேட்டரியிலேர்ந்து தனி லைன், பேட்டரி பக்கத்துலயே ஃப்யூஸ். கேமராவை ரோல் கேஜ்ல (வண்டிக்குள்ள இருக்கற பாதுகாப்புக் குழாய்க் கூண்டு) கிளாம்ப் போட்டு மாட்டி, கூட ஒரு கட்டுக் கம்பியும் போடு. உறிஞ்சு கப் வேணாம், பல இடத்துல ஸ்க்ருட்டினியர் (வண்டியைப் பரிசோதிக்கற அதிகாரி) அதைக் கழட்டச் சொல்லிடுவார்.

நான், 8:37
சரி அத்தான். மெயின் ஸ்ட்ரெய்ட்ல கோடு, கூரையில ஆன்டெனா, 29.97. வேற எதாவது?

அக்கா, 8:38
எஞ்சினை ஆஃப் பண்றதுக்கு முன்னாடி ரெக்கார்டிங்கை நிறுத்து. கேமரா, லாகர் லைட் அணைஞ்சப்புறம்தான் கார்டை உருவணும்.